நாற்பத்தோராவது பீப்பாய்

நாற்பது பீப்பாய் வந்தது.
நீல நிறம், மூன்று மாநிலம் தாண்டி,
சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்குப் பின்னால்
நாங்கள் வாடகைக்கு எடுத்த கொட்டகைக்கு.
கன்டெய்னர் வரிசையில் இரண்டு நாள் நின்று
மூன்றாம் நாள் விடிகாலையில் வந்தது.
டிரைவர் இறங்கியதும் கேட்டார்:
"டீ எங்க கெடைக்கும்?"

சுரங்கத்தில் கல்லை அரைத்து
வேண்டியதை எடுத்துக்கொண்டவர்கள்
வேண்டாததைக் கழுவிய தண்ணீர் அது.
பார்க்கத் தண்ணீர்தான்.
பார்க்கத் தண்ணீராக இருந்தால் போதாது என்று
மணலியில் பிறந்தவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ரெசின். ஜவ்வரிசி மாதிரி மணிகள்,
கண்ணாடிக் குழாயில் ஆளுயரம்.
யுரேனியம் அதில் ஒட்டிக்கொள்ளும்.
ரேடியம் ஒட்டாது, நழுவி இறங்கிவிடும்.
அதற்குத்தான் பேரியம்.
இரண்டும் ஒரே குடும்பம்.
பேரியம் வெள்ளையாகத் திரண்டு அடியில் உட்காரும்போது
சொந்தக்காரன் கூப்பிட்டான் என்று
ரேடியமும் கூடவே போய் உட்காரும்.
வித்தை இவ்வளவுதான்.
இதற்கு ஆறு மாதம், பதினெட்டு ஜோடி கையுறை,
என் இரண்டு இரவுச் சண்டைகள் வீட்டில்.

படிவத்தில் எழுதினேன்:
நீக்கம், தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு சதவீதம்.
பலராம் சார் ரசகுல்லா டப்பாவோடு வந்தார்.

நீக்கியது எங்கே என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

நாற்பது பீப்பாய்த் தண்ணீரும் தெளிந்தது.
மிஞ்சியது ஒரு பீப்பாய் வண்டல்.
அரிசிமாவைக் கரைத்து வைத்தது போல,
கோலம் போடலாம் போல.
கவுண்ட்டரை அருகே கொண்டுபோனால்
கடலை வறுக்கிற சட்டியாகப் பொரிந்தது.
பாதியாகக் குறைய ஆயிரத்து அறுநூறு வருடம்.
அந்தப் பாதியில் பாதிக்கு
இன்னொரு ஆயிரத்து அறுநூறு.

சுரங்கத்துக்காரர்கள் மெயில் போட்டார்கள்:
தண்ணீர் எங்களுடையது, வண்டல் உங்களுடையது,
ஒப்பந்தம் பக்கம் பதினொன்று.
பலராம் சார் அந்தப் பக்கத்தைக்
கண்ணாடி போட்டும் கழற்றியும் வாசித்தார்.

அதுவரை எழுதியாவது வைப்போம் என்று
லாரிகளுக்கு நம்பர் எழுதும் ஏசுபாதத்தை
வியாசர்பாடியிலிருந்து வரச் சொன்னோம்.
மஞ்சள் அடித்தார். மூன்று இறக்கை வரைந்தார்.
"ஃபேன் மாதிரி கீது. கீழ இன்னா எழுதட்டும்?"

"தொடாதே."

தூரிகையைத் தின்னரில் போட்டுவிட்டு
பீடி பற்றவைக்க ரோட்டுக்குப் போனார்.
திரும்பி வந்து சொன்னார்:
"வேற வார்த்த சொல்லும்மா.
அத்த எழுத எனக்குக் கை வராது."

தள்ளி நில் என்றேன். சிரித்தார்.
கிட்டே வராதே. நுழையாதே. அப்பால் போ.
சொல்லச் சொல்லத் தெரிந்தது,
ஒவ்வொன்றும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது,
பொருளைப் பார்த்து அல்ல,
கிணற்றடியில், தேர் வரும் தெருவில்,
டீக்கடையின் தனிக் குவளைக்கு முன்னால்.
புழங்காத எச்சரிக்கை ஒன்று
என்னிடம் மிச்சமில்லை.

பள்ளிச் சுற்றுலாவில் ஒரு நடுகல் பார்த்தேன்.
மாடு மீட்டுச் செத்தவன் பெயர் என்றார்கள்.
ஆயிரத்து ஐந்நூறு வருடத் தமிழ்.
எனக்கு அது கோழிக் கீறல்.
மாலை மட்டும் அன்றைக்குப் போட்டது.
இந்தப் பீப்பாய்க்கும் ஒருநாள்
யாராவது பொட்டு வைக்கக்கூடும்,
மஞ்சள் ஏற்கெனவே பூசித்தானே இருக்கிறது.

ஏசுபாதம் வெகுநேரம் குந்தியிருந்தார்.
"உள்ள கீறது மன்சன இன்னா பண்ணும்?"
"எலும்புக்குள்ள போய்
சுண்ணாம்புச் சத்து மாதிரி நடிக்கும்."
"அத்தயே எழுதிடறேன்."

எழுதினார், சாண் உயர எழுத்தில்,
நிழல் கொடுத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு இழுத்து:
இது எலும்புக்குள் போகும்.

பழக்கதோஷம், கீழே சின்னதாகத்
தன் பெயரையும் செல் நம்பரையும் போட்டார்.
நான் அழிக்கச் சொல்லவில்லை.